ஓலைப்பெட்டி தெளிவு, முகம் மங்கல்: ஆட்டோஃபோகஸ் சந்தேகங்களும் விளக்கங்களும்

திருநெல்வேலி மாவட்டக் கடலோர ஊரான உவரிக்கு கேமராவோடு போகிறவர்களுக்குப் படத்துக்குப் பஞ்சமே இல்லை. கடலிலிருந்து எழும் சூரியன், அலையைத் தாண்டிக் கரையேறும் படகு, கப்பல் வடிவில் எழுப்பப்பட்ட கப்பல் மாதா ஆலயம், செவ்வாய்க்கிழமைகளில் புனித அந்தோணியார் திருத்தலத்தில் சேரும் கூட்டம், சுயம்புலிங்க சுவாமி கோயில் முன்பு கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் சுமக்கும் பக்தர்கள் என்று அத்தனையும் ஒரே ஊரில். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்க்கும்போதுதான் பாதிப் படம் 'அவுட்' என்று தெரிகிறது.

எஸ்எல்ஆர் கேமரா வைத்திருப்பவர்கள் ஆட்டோஃபோகஸ் பற்றி வழக்கமாகக் கேட்கும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம். எது முக்கியம் என்று கேமராவுக்குத் தெரியாது. எந்த இடத்தைப் பார்க்க வேண்டும், ஒருமுறை பார்த்தால் போதுமா, தொடர்ந்து பார்க்க வேண்டுமா என்பதையெல்லாம் நாம்தான் சொல்ல வேண்டும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்து பிறப்பவைதான்.

படம் மங்கலாக இருந்தால் ஃபோகஸ்தான் தவறியது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். நீங்கள் எடுக்க நினைத்த ஆள் மங்கலாகவும், அவருக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள ஏதோ ஒன்று பளிச்சென்றும் இருந்தால் அது ஃபோகஸ் பிழை. படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டது போல இருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னணி தெளிவாக இருக்க, ஓடுகிற ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. பின்னிரண்டுக்கும் ஆட்டோஃபோகஸை எவ்வளவு மாற்றினாலும் பலன் இருக்காது. ஷட்டர் வேகத்தைத்தான் கூட்ட வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. படம் எடுத்த நேரத்தில் எந்த ஃபோகஸ் புள்ளி வேலை செய்தது என்ற விவரம் படக் கோப்பிலேயே பதிவாகிறது. கேனானின் டிபிபி, நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ ஆகிய இலவச மென்பொருள்களில் அந்தப் புள்ளியைப் படத்தின் மேலேயே காட்டச் சொல்லலாம். புள்ளி முகத்தில் இல்லை என்றால் கேமராவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எஸ்எல்ஆர் எதை வைத்து தூரத்தைக் கணக்கிடுகிறது?

கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். இடது கண்ணை மூடி ஒருமுறை, வலது கண்ணை மூடி ஒருமுறை பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரியும். விரல் நெருங்கினால் மாற்றம் அதிகம், தள்ளிப்போனால் குறைவு. எஸ்எல்ஆர் செய்வதும் இதுதான்.

லென்ஸ் வழியாக வரும் ஒளி, கேமராவுக்குள் சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே வ்யூஃபைண்டருக்குப் போகிறது. அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியைக் கொஞ்சம் ஊடுருவ விடும். அதன் பின்னால் உள்ள சிறு கண்ணாடி அந்த ஒளியைக் கேமராவின் அடித்தளத்தில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. லென்ஸின் ஒரு விளிம்பு வழியாக வந்த பிம்பத்தையும் எதிர் விளிம்பு வழியாக வந்த பிம்பத்தையும் அந்த சென்சார் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதிலிருந்து லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது ஒரே கணக்கில் தெரிந்துவிடும். 'ஃபேஸ் டிடெக்‌ஷன்' என்பது இதுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கோடோ விளிம்போ வேண்டும். வெறும் வானத்தில் ஒப்பிட எதுவும் இல்லை. இரண்டாவது, படம் பதிவாகும் நொடியில் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்வதால் ஃபோகஸ் சென்சாருக்கு ஒளியே போகாது. அந்தக் கணத்தில் கேமரா குருடு.

வைகாசி விசாகத்தன்று மண் சுமக்கும் பக்தரை எடுத்தேன். தலையில் இருந்த ஓலைப்பெட்டி முடைந்த இழை வரை தெரிகிறது, முகம் மங்கிவிட்டது. ஏன்?

கேமரா 'ஆட்டோ ஏரியா'வில் இருந்திருக்கும். எல்லாப் புள்ளிகளையும் கேமராவின் பொறுப்பில் விட்டால், பெரும்பாலும் தனக்கு மிக அருகில் உள்ள, விளிம்பு நன்றாகத் தெரியும் பொருளைத்தான் பிடிக்கும். தலையில் இருக்கும் பெட்டியின் முன்விளிம்பு கண்ணைவிட அரைச் சாணாவது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஓலை இழைகளோ கோடு கோடாக இருப்பவை. ஃபோகஸ் சென்சாருக்கு அதைவிட வசதியான இலக்கு கிடையாது. வெயிலில் நிழலடித்த, ஈரம் சொட்டும் முகம் அதற்கு இரண்டாம் பட்சம்.

கணக்கையும் பாருங்கள். ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-ல் வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 11 சென்டிமீட்டர். அதில் ஏறத்தாழ பாதிதான் ஃபோகஸ் விழுந்த இடத்துக்குப் பின்னால் கிடைக்கும். பெட்டியில் ஃபோகஸ் விழுந்தால் கண் அந்த எல்லைக்கு வெளியே போய்விடுகிறது.

இதற்கு வழி 'சிங்கிள் பாயின்ட்'. ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதைக் கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணின் மேல் வையுங்கள். அப்பர்ச்சரை எஃப் 4 அல்லது 5.6-க்குக் கொண்டுபோனால் பெட்டியும் முகமும் சேர்ந்தே தெளிவாக வர வாய்ப்பு உண்டு. நேர்த்திக்கடன் செலுத்துகிறவரை நெருங்கி எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் முறை.

ஒன் ஷாட், சர்வோ என்கிறார்கள். எதை எப்போது வைப்பது?

கேனானில் 'ஒன் ஷாட்', நிக்கானில் 'ஏஎஃப்-எஸ்' என்பது ஒருமுறை பிடித்ததும் பூட்டிக்கொள்ளும் முறை. ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தியதும் ஃபோகஸ் பிடிக்கும், 'பீப்' ஒலிக்கும், விரலை எடுக்கும் வரை அதே தூரத்தில் நிற்கும். கோயில், ஆலயம், உட்கார்ந்திருக்கும் ஆள், கரையில் கிடக்கும் படகு ஆகியவற்றுக்கு இது போதும்.

கேனானில் 'ஏஐ சர்வோ', நிக்கானில் 'ஏஎஃப்-சி' என்பது பட்டனைப் பாதி அழுத்தியிருக்கும் வரை தூரத்தை அளந்துகொண்டே இருக்கும் முறை. கேமராவை நோக்கி வருவது, விலகிப் போவது எல்லாவற்றுக்கும் இது.

ஆள் நகர்கிறாரா என்று மட்டும் பார்க்காதீர்கள். கேமராவுக்கும் அவருக்கும் உள்ள தூரம் மாறுகிறதா என்று பாருங்கள். கரையோரமாக உங்களுக்குக் குறுக்கே நடப்பவருக்குத் தூரம் அதிகம் மாறாது. நேராக உங்களை நோக்கி நடப்பவருக்கு ஒவ்வொரு அடிக்கும் மாறும்.

இரண்டையும் கேமராவே மாற்றிக்கொள்ளும் 'ஏஐ ஃபோகஸ்', 'ஏஎஃப்-ஏ' இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் போதாதா?

புதிதாகப் படம் எடுப்பவர் வீட்டு விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அசைவு தொடங்கிவிட்டது என்று கேமரா புரிந்துகொண்டு முறையை மாற்றுவதற்குள் முதல் இரண்டு மூன்று படம் போய்விடும். எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு: உங்கள் கை லேசாக ஆடியதை அசைவு என்று நினைத்து, பூட்டிய ஃபோகஸை அவிழ்த்துவிடும். எடுக்கப்போவது நிற்கிறதா, வருகிறதா என்பது உங்களுக்கு முன்பே தெரியும். அதை நீங்களே தேர்ந்தெடுப்பதுதான் நல்லது.

படகு கரையேறும் காட்சியில் பத்துக்கு ஏழு படம் அவுட் ஆகிறது. சர்வோதான் போட்டிருக்கிறேன்.

உவரிக் கரையில் இது கடினமான பாடம்தான். ஃபைபர் படகு அலையின் முதுகில் ஏறி அணியத்தை, அதாவது முன்முனையை, தூக்கிக்கொண்டு நேராகக் கேமராவை நோக்கி வரும். அடுத்த நொடி இரண்டு அலைக்கு நடுவே பாதி மறையும். அப்போது உங்கள் புள்ளியில் இருப்பது படகல்ல, முன்னால் உடையும் அலையின் நுரை. கேமரா நுரைக்குத் தாவிவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தெறிக்கும் சாரலும் சேர்ந்துகொள்ளும்.

முதலில், படகு வந்த பிறகு பட்டனைத் தொடாதீர்கள். சர்வோ முறையில் கேமரா தொடர்ந்து அளந்து, 'இதே வேகத்தில் வந்தால் ஷட்டர் திறக்கும் நேரத்தில் படகு எங்கே இருக்கும்' என்று முன்கணிப்புச் செய்கிறது. கண்ணாடி தூக்கிய குருட்டுக் கணத்தை அது சமாளிப்பது இந்தக் கணிப்பால்தான். கணிக்க அதற்கு அவகாசம் வேண்டும். ஒரு நொடியாவது முன்கூட்டியே பாதி அழுத்திப் பின்தொடர்ந்து, பிறகு முழுதாக அழுத்துங்கள்.

அடுத்து, ஒற்றைப் புள்ளியைவிடச் சற்றே அகன்ற பரப்பைத் தேர்ந்தெடுங்கள். நிக்கானில் 'டைனமிக் ஏரியா', கேனானின் நடுத்தர பாடிகளில் 'ஸோன்'. டைனமிக்கில் நீங்கள் வைத்த புள்ளியிலிருந்து இலக்கு நழுவினால் சுற்றியுள்ள புள்ளிகள் தாங்கிக்கொள்ளும். 9 புள்ளிகள் மட்டுமே உள்ள கேனான் 1500டி போன்றவற்றில் இந்த வசதி இல்லை. அங்கே நடுப்புள்ளியை மட்டும் வைத்து, படகில் நிற்பவரின் மார்பிலோ படகின் அணியத்தில் எழுதிய எழுத்திலோ நிறுத்துங்கள். எழுத்தின் விளிம்புகளை சென்சார் நன்றாகப் பிடிக்கும்.

மூன்றாவதாக, உயர்நிலை பாடிகளில் 'டிராக்கிங் சென்சிட்டிவிட்டி' அல்லது 'லாக்-ஆன்' என்றொரு அமைப்பு மெனுவில் இருக்கும். குறுக்கே ஏதாவது வந்தால் உடனே அதற்குத் தாவ வேண்டுமா, கொஞ்சம் பொறுக்க வேண்டுமா என்பதை அது தீர்மானிக்கிறது. அலைக்கு நடுவே வரும் படகுக்குப் பொறுக்கும் பக்கம் வையுங்கள். ஷட்டர் வேகம் 1/1000-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூந்தன்குளம் போகிறோம். பறவைக்கும் இதே முறைதானா?

நாங்குநேரி வட்டாரத்தில் உள்ள கூந்தன்குளம் 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் ஊருக்குள் வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டும் இடம் அது. அங்கே உங்களுக்கு இரண்டு விதமான வேலை இருக்கும்.

கூட்டில் இருக்கும் பறவையைச் சுற்றிக் கிளையும் முள்ளும் நிறைந்திருக்கும். அகன்ற பரப்பை வைத்தால் கேமரா முன்கிளையைப் பிடிக்கும். அதனால் ஒற்றைப் புள்ளியைப் பறவையின் கண்ணில் வையுங்கள். குஞ்சுக்கு இரை ஊட்டும்போது தலை முன்னும் பின்னும் ஆடுவதால் சர்வோவிலேயே இருக்கலாம்.

பறக்கும் பறவைக்குப் பின்னணி வெறும் வானமாக இருந்தால், அகன்ற பரப்பைத் துணிச்சலாக வைக்கலாம். பிடிப்பதற்கு வானில் வேறொன்றும் இல்லை. நிக்கானின் '3டி டிராக்கிங்' நிறத்தையும் கணக்கில் எடுத்துப் பின்தொடர்வதால் நீல வானத்தில் பறக்கும் வெள்ளை நாரைக்கு நன்றாக உழைக்கும். அதே நாரை தண்ணீரையோ மரக்கூட்டத்தையோ ஒட்டித் தாழப் பறந்தால் மீண்டும் ஒன்பது புள்ளி அளவிலான சிறிய பரப்புக்கு வாருங்கள்.

நடுப்புள்ளியில் பிடித்துவிட்டு, பிறகு கேமராவைத் திருப்பி ஃபிரேம் வைப்பது தவறா?

தவறில்லை, தூரம்தான் தீர்மானிக்கும். விலை குறைந்த பாடிகளில் நடுப்புள்ளி மட்டுமே 'கிராஸ் டைப்', அதாவது கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் பார்க்கக்கூடியது. கேனான் 1500டியின் 9 புள்ளிகளில் ஒன்றும், நிக்கான் டி3500-ன் 11 புள்ளிகளில் ஒன்றும்தான் இப்படி. நிக்கான் டி5600-ல் 39-க்கு 9, டி7200-ல் 51-க்கு 15, கேனான் 80டியில் 45-ம் கிராஸ் டைப்.

ஆனால் கேமராவைத் திருப்பும்போது தெளிவு விழும் தளமும் சேர்ந்து திரும்புகிறது. ஒரு மீட்டர் தூரத்தில் கண்ணில் பிடித்துவிட்டு 10 டிகிரி திருப்பினால், அந்தத் தளம் கண்ணுக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8-க்கு அந்தத் தூரத்தில் கிடைக்கும் மொத்த ஆழமே மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. கண் தப்பிவிடும். ஐந்து மீட்டரில் இதே திருப்பத்துக்கு ஏழெட்டு சென்டிமீட்டர்தான் விலகும். அங்கே ஆழம் 60 சென்டிமீட்டருக்கும் மேல். கவலையே வேண்டாம்.

கிட்டத்தில் முகம் எடுக்கும்போது புள்ளியை நகர்த்துங்கள். தள்ளி நின்று எடுக்கும்போது பிடித்துத் திருப்புங்கள்.

சூரிய உதயத்தை எடுக்கும்போது லென்ஸ் 'சர் சர்' என்று முன்னும் பின்னும் ஓடுகிறதே தவிர, படம் விழவே மாட்டேன் என்கிறது. கேமரா பழுதா?

பழுது இல்லை. ஒன் ஷாட் முறையில் ஃபோகஸ் பிடிக்காமல் ஷட்டர் இயங்காது. மூடுபனி போன்ற கடல் ஈரத்தில் வானத்தையோ, வெளிச்சம் அப்பிய நீர்ப்பரப்பையோ புள்ளி பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு விளிம்பு கிடைக்காது. ஒரே நிறம் பூசிய ஆலயச் சுவரிலும் இதே தொல்லை வரும். சுவர் முடியும் விளிம்பு, சிலுவை, ஜன்னல் சட்டம் எதிலாவது புள்ளியை வையுங்கள்.

கடலும் வானமும் சேரும் கோடு இருக்கிறதே என்பீர்கள். அது கிடைக்கோடு. விலை குறைந்த பாடிகளில் ஓரப் புள்ளிகள் ஒரு திசைக் கோட்டை மட்டுமே பார்க்கக்கூடியவை. பிடிக்கவில்லை என்றால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, அதே கோட்டில் பிடித்துப் பூட்டிவிட்டு, மறுபடி கிடையாக்கி எடுங்கள். அல்லது தூரத்தில் நிற்கும் படகின் நிழலுருவில் பிடியுங்கள்.

இன்னும் எளிய வழி உண்டு. முன்னால் கிடக்கும் படகையும் பின்னால் உள்ள கடலையும் சேர்த்து எடுக்கிறீர்கள் என்றால், கிட் லென்ஸை 18 மி.மீ.-ல், அப்பர்ச்சரை எஃப் 8-ல் வைத்து, சுமார் இரண்டேகால் மீட்டரில் உள்ள ஏதாவது ஒன்றில் ஃபோகஸ் செய்யுங்கள். ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாகிவிடும். பிறகு லென்ஸை மேனுவலுக்குத் தள்ளிவிட்டால் விடிகிற வரை தொட வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்று: எஸ்எல்ஆரின் வ்யூஃபைண்டர் நேரடியாக லென்ஸ் வழியே பார்ப்பது. சூரியன் மேலேறிய பிறகு டெலி லென்ஸ் மாட்டி அதன் வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் கெடும்.

இரவுத் திருவிழாவில், தேரோட்டத்தில் ஃபோகஸ் பிடிக்கத் தடுமாறுகிறது. என்ன செய்வது?

ஃபோகஸ் சென்சாருக்கு ஒரு குறைந்தபட்ச வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் 'இவி' கணக்கில் சொன்னால், 1500டியின் நடுப்புள்ளி இவி 0 வரை பார்க்கும். 80டியின் நடுப்புள்ளி இவி மைனஸ் 3 வரை பார்க்கும். எட்டில் ஒரு பங்கு வெளிச்சத்திலும் பின்னது வேலை செய்யும் என்று அர்த்தம். எந்த பாடியாக இருந்தாலும் இருட்டில் நடுப்புள்ளிதான் கைகொடுக்கும்.

லென்ஸும் முக்கியம். நீங்கள் எந்த அப்பர்ச்சர் வைத்தாலும், ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும். எஃப் 8-ல் எடுத்தாலும் எஃப் 1.8 லென்ஸ் சென்சாருக்கு எஃப் 1.8 வெளிச்சத்தைத் தரும். எஃப் 5.6 ஜூமைவிட அது இரவில் சட்டென்று பிடிப்பது அதனால்தான்.

உவரியில் தைப்பூசத் தேராக இருந்தாலும், நெல்லையப்பர் கோயில் ஆனித் தேராக இருந்தாலும், தேரின் இருண்ட துணித் தொங்கலில் புள்ளியை வைக்காதீர்கள். அதே தூரத்தில் உள்ள விளக்கின் விளிம்பிலோ, வடம் பிடிப்பவரின் வெள்ளை வேட்டிக் கரையிலோ பிடியுங்கள்.

கேமராவின் முன்னால் எரியும் உதவி விளக்கு மூன்று மீட்டருக்கு அப்பால் பெரிதாகப் பயன்படாது. சர்வோவில் எரியவே எரியாது. திருப்பலியிலும் பூஜையிலும் அதையும் 'பீப்' ஒலியையும் அணைத்து வைப்பது மற்றவர்களுக்கு நல்லது.

கல்யாண போட்டோகிராபர்கள் பின்னால் உள்ள பட்டனில் ஃபோகஸ் செய்கிறார்களே, அதில் என்ன லாபம்?

ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸ் வேலையைப் பிரித்து, கட்டைவிரல் படும் இடத்தில் உள்ள பட்டனுக்கு மாற்றுவதுதான் 'பேக் பட்டன் ஃபோகஸ்'. கேமராவைச் சர்வோவிலேயே வைத்துவிடலாம். கட்டைவிரலை அழுத்திப் பிடித்தால் பின்தொடரும். விரலை எடுத்தால் அந்தத் தூரத்திலேயே நின்றுவிடும். ஒன் ஷாட்டும் சர்வோவும் ஒரே விரலில் வந்துவிடுகின்றன. படகு வந்துகொண்டிருக்கும்போது அழுத்துங்கள். வந்து நின்று மீன் இறக்கத் தொடங்கியதும் விடுங்கள். மெனுவுக்குப் போக வேண்டியதில்லை. நடுவே ஒருவர் குறுக்கே நடந்தாலும் ஃபோகஸ் கலையாது.

இதற்கென்றே உள்ள 'ஏஎஃப்-ஆன்' பட்டன் இல்லாத பாடியிலும் முடியும். நிக்கான் டி3500, டி5600-ல் 'ஏஇ-எல்/ஏஎஃப்-எல்' பட்டனுக்கு மெனுவில் 'ஏஎஃப்-ஆன்' வேலையைக் கொடுக்கலாம். கேனான் 1500டியில் கஸ்டம் ஃபங்ஷனில் 'ஷட்டர்/ஏஇ லாக் பட்டன்' என்பதை 3-ல் வைத்தால் நட்சத்திரக் குறி பட்டன் ஃபோகஸ் பட்டனாகிவிடும். பழக ஒரு வாரம் ஆகும். கேமராவை வேறொருவர் கையில் கொடுத்து உங்களை எடுக்கச் சொன்னால் மட்டும் முன்பே மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் படமும் அவுட்.

வ்யூஃபைண்டரைவிடப் பின்திரையைப் பார்த்து எடுப்பது சுலபமாக இருக்கிறது. தவறா?

'லைவ் வ்யூ'வில் கண்ணாடி தூக்கியே நிற்பதால் அடித்தளச் சென்சாருக்கு வேலை இல்லை. படச் சென்சாரே மாறுபாட்டை அளந்து, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, அதிகத் தெளிவு எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்கிறது. மெதுவானது, ஆனால் படம் விழும் இடத்திலேயே அளப்பதால் துல்லியமானது. முக்காலியில் வைத்து இரவில் கப்பல் மாதா ஆலயத்தை எடுப்பதற்கு இதைவிட நல்ல முறை இல்லை. திரையைப் பத்து மடங்கு பெரிதாக்கி, ஒரு விளக்கின் விளிம்பில் கையாலேயே ஃபோகஸ் செய்யலாம். ஓடும் பொருளுக்கு வ்யூஃபைண்டர்தான். 2013-ல் வந்த கேனான் 70டி முதல் சில பாடிகளில் 'டூயல் பிக்சல்' தொழில்நுட்பம் இருப்பதால் அவற்றில் மட்டும் லைவ் வ்யூவும் வேகமாக இருக்கும்.

புள்ளி கண்ணில்தான் இருந்தது. ஆனால் காது தெளிவாக வருகிறது. எப்போதும் அப்படியே. ஏன்?

எப்போதும் ஒரே பக்கம் தவறினால் அது உங்கள் பிழையாக இருக்காது. ஃபோகஸை அளக்கும் சென்சாரும் படம் விழும் சென்சாரும் வேறு வேறு. இரண்டுக்கும் உள்ள தூரத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் ஃபோகஸ் முன்னோ பின்னோ விழும்.

சோதிக்க ஒரு செய்தித்தாளே போதும். மேசையில் 45 டிகிரி சாய்த்து வைத்து, முக்காலியில் கேமராவை வைத்து, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரு தலைப்பு வரியில் நடுப்புள்ளியை வைத்துப் பலமுறை எடுங்கள். ஒவ்வொரு முறையும் லென்ஸை முதலில் வேறு தூரத்துக்குத் திருப்பிவிட்டு எடுங்கள். பிறகு லைவ் வ்யூவில் ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். வ்யூஃபைண்டரில் எடுத்தவை எல்லாம் ஒரே பக்கம் விலகியிருந்தால் திருத்தம் தேவை. நிக்கான் டி7200, கேனான் 80டி போன்ற பாடிகளில் 'ஃபைன் ட்யூன்', 'மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்' என்ற பெயரில் மெனுவிலேயே திருத்திக்கொள்ளலாம். ஆரம்பநிலை பாடிகளில் அந்த வசதி இல்லை. சர்வீஸ் சென்டரில் கொடுக்க வேண்டும். கையில் பிடித்து எடுக்கும் படங்களில் ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால் என்று மாறி மாறி விழுந்தால் மெனுவைத் தொட வேண்டாம். அது நம் கை ஆட்டம்.

பழைய லென்ஸ் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. என் பாடியில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யுமா?

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விதான். 35 மி.மீ. ஃபிலிம் எஸ்எல்ஆரில் ஆட்டோஃபோகஸ் 1981-ல் பென்டாக்ஸ் எம்இ எஃப் மூலம் வந்தது. 1985-ல் மினோல்டா 7000 வந்த பிறகுதான் அது பரவியது. மினோல்டாவும் நிக்கானும் மோட்டாரைப் பாடிக்குள் வைத்தன. 1987-ல் இஓஎஸ் வரிசையைத் தொடங்கிய கேனான், மோட்டாரை ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் வைத்தது. இந்த வேறுபாட்டின் விளைவு இன்றும் பழைய லென்ஸ் வாங்குகிறவர் தலையில்தான் விடிகிறது.

கேனான் இஎஃப் லென்ஸ் எதுவானாலும் இஓஎஸ் எஸ்எல்ஆரில் ஆட்டோஃபோகஸ் ஆகும். நிக்கானில் 'ஏஎஃப்-டி' லென்ஸ்களுக்குப் பாடியில் மோட்டார் வேண்டும். டி7200, டி750 போன்றவற்றில் உண்டு. டி3500, டி5600-ல் இல்லை. அவற்றில் 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை மாட்டினால் கையால்தான் திருப்ப வேண்டும். லென்ஸின் மேல் 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்; பெயர் ஒன்றானாலும் இது முன்பு சொன்ன ஃபோகஸ் முறை அல்ல, மோட்டார் உள்ள லென்ஸ் வகை. தலைகீழாகவும் சிக்கல் உண்டு: புதிய 'ஏஎஃப்-பி' லென்ஸ்கள் டி90 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது.

வெட்டி வைத்துக்கொள்ள

ஆலயம், கோயில், கரையில் கிடக்கும் படகு: ஒன் ஷாட், ஒற்றைப் புள்ளி.
நிற்கும் ஆளின் முகம்: ஒன் ஷாட், ஒற்றைப் புள்ளி அருகில் உள்ள கண்ணில்.
மண் சுமந்து நடந்து வருபவர்: சர்வோ, ஒற்றைப் புள்ளி முகத்தில், எஃப் 4 முதல் 5.6.
கரையேறும் படகு: சர்வோ, டைனமிக் அல்லது ஸோன், 1/1000.
வானில் பறவை: சர்வோ, அகன்ற பரப்பு அல்லது 3டி.
காயப்போட்ட வலைக்கு அப்பால் இருப்பவர்: ஒற்றைப் புள்ளி; முடியாவிட்டால் மேனுவல்.
இரவுத் தேர்: நடுப்புள்ளி, விளக்கின் விளிம்பில்.

கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ் வந்துவிட்டதே. இனி எஸ்எல்ஆர் வாங்கலாமா?

கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய எஸ்எல்ஆர் மாடல்களைக் கொண்டுவரவில்லை. மிரர்லெஸ் கேமராவில் படச் சென்சாரே முழு ஃபிரேமையும் பார்ப்பதால் முகம், கண், பறவை ஆகியவற்றை அடையாளம் கண்டு பின்தொடர்கிறது. முன்ஃபோகஸ், பின்ஃபோகஸ் தொல்லையும் பெருமளவு இல்லை. புதிதாக முதலீடு செய்கிறவர் அதைப் பார்ப்பதே நல்லது. ஆனால் அலையில் குதிக்கும் ஐந்து சிறுவர்களில் யாருடைய கண்ணை வேண்டும் என்பதை அந்தக் கேமராவும் உங்களிடம்தான் கேட்கும். ஒற்றைப் புள்ளியில் பழகியவருக்கு அங்கேயும் சிரமம் இருக்காது.

கையில் காசு குறைவு, கற்றுக்கொள்ள ஆசை என்றால் பழைய எஸ்எல்ஆர் இன்றும் நல்ல பேரம். கடையில் காசு கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு ஃபோகஸ் புள்ளியையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து ஒரு பெயர்ப்பலகையில் பிடிக்கிறதா என்று பாருங்கள். வாசலுக்கு வந்து, சர்வோவில், எதிரே வரும் ஆட்டோவின் நம்பர் பலகையைத் தொடர்ந்து பத்துப் படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஏழெட்டுப் படத்திலாவது நம்பர் படிக்கும்படி இருந்தால் பாடியை வாங்கலாம். கடலோரத்தில் இருந்த கேமரா என்றால் லென்ஸ் மாட்டும் இடத்துப் உலோகத் தொடுமுனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்று முதலில் கைவைப்பது அங்கேதான். லென்ஸும் பாடியும் பேசிக்கொள்வதும் அதே முனைகள் வழியாகத்தான்.